சாவித்துவாரத்தின் வழியே ஒரு நிறுவனம்

சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் 1972 இறுதியில் ஓர் அறை உருவானது. ஆறு பக்கச் சுவர்கள், நடுவே வட்டமாக ஏழு சுழல் நாற்காலிகள். மேசை கிடையாது, காகிதத்துக்கும் அனுமதியில்லை. நாற்காலிகளின் கைப்பிடியில் பெரிய பெரிய பொத்தான்கள். உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அழுத்தினால், சுவரில் உள்ள திரையில் ஆலைகளின் உற்பத்தி வரைபடம் வந்து நிற்கும்.

சால்வடோர் அலெண்டேயின் அரசு அப்போது ஆலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அரசுடைமை ஆக்கிக்கொண்டிருந்தது. அத்தனையையும் எப்படி நிர்வகிப்பது என்ற கேள்வியோடு, 28 வயதுப் பொறியாளர் ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸ் 1971-இல் ஸ்டாஃபோர்ட் பியர் என்ற பிரிட்டிஷ் மேலாண்மை அறிஞருக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து பிறந்தது ‘சைபர்சின்’ திட்டம். ஆலைகளின் புள்ளிவிவரங்கள் டெலக்ஸ் வழியாகத் தலைநகருக்கு வந்தன. கணினி அவற்றை அலசி, வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தவற்றைப் பிரித்துக் காட்டியது. குய் பான்சீப்பே என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளரின் குழு அறையை அமைத்தது. திரைகளில் தெரிந்த வரைபடங்கள் கலைஞர்கள் கையால் வரைந்த ஸ்லைடுகள். 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அதன்பின் அந்த அறை அழிக்கப்பட்டது. முழுப் பயன்பாட்டுக்கு அது வரவே இல்லை.

இன்று அலுவலகங்களில் ‘டாஷ்போர்டு’ என்று சொல்லப்படுவதற்கு மூதாதை அந்த அறைதான். அதில் நாம் கவனிக்க வேண்டியது திரைகளை அடுக்கிய விதம். மேலே ஒரு பெரிய திரை, கீழே மூன்று திரைகள். என்னென்ன தகவல்கள் கைவசம் உண்டு என்று மேல்திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், அது கீழ்த்திரைகளில் விரியும். பட்டியல் ஓரிடத்திலும் விவரம் வேறிடத்திலும் இருந்ததால், ஒன்றைப் பார்க்க இன்னொன்றை விட்டு வர வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்பு, அதைவிடப் பல மடங்கு திறன் கொண்ட கருவிகளில் இந்தச் சின்ன வசதி பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. அது போகும்போது பார்ப்பவரின் மூளையில் என்ன நிகழ்கிறது, அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

பலகைக்குப் பின்னால் ஒரு மீட்டர்

1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தது; பிறகு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நினைத்தார்கள். அந்த விளக்கோ, வால்வுக்குப் போன மின் கட்டளையை மட்டுமே காட்டியது. வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை. சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அபாய எச்சரிக்கைகள் ஒலித்தன. வால்விலிருந்து வெளியேறிய நீராவி ஒரு தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தொட்டியின் அழுத்தத்தைப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். அந்த மீட்டர் இருந்தது முதன்மைப் பலகையின் பின்புறத்தில். சிக்கிய வால்வின் வழியே நீர் வெளியேறுவது நிறுத்தப்பட இரண்டு மணி நேரத்துக்கு மேலானது.

தகவல் அறைக்குள்ளேயே இருந்தது. அதற்குப் போகும் வழிதான் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு அணு உலைக் கட்டுப்பாட்டு அறைகளை ஆராய்ந்தவர்களில் டேவிட் வுட்ஸ் ஒருவர். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணியாற்றிய உளவியலாளர். சுவரை அடைத்துக்கொண்டு நின்ற மீட்டர் பலகைகளின் இடத்தைக் கணினித் திரைகள் பிடிக்கத் தொடங்கிய காலம் அது. பலகையில் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு எதிரே இருந்தன. தலையைத் திருப்பினால் போதும். திரைக்குப் பின்னாலோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும். பெரிய அறை ஒன்றைச் சாவித்துவாரத்தின் வழியே பார்ப்பது போன்ற நிலை இது என்றார் வுட்ஸ்.

வணிக டாஷ்போர்டு அப்படிப்பட்ட ஒரு துவாரம்தான். பல்பொருள் அங்காடி நிறுவனம் ஒன்றின் விற்பனை மேலாளர் திங்கட்கிழமை காலை தன் டாஷ்போர்டைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்ற வார விற்பனை 6% சரிந்திருக்கிறது. எந்த மண்டலத்தில்? மண்டலப் பக்கத்துக்குப் போகிறார். தெற்கு மண்டலம்தான் காரணம். எந்தப் பொருள்? பொருள் பக்கம். அங்கே போனதும் மண்டலத் தேர்வு கழன்று, எல்லா மண்டலங்களின் கணக்கும் வந்து நிற்கிறது. மீண்டும் தெற்கைத் தேர்ந்தெடுக்கிறார். சமையல் எண்ணெய் குறைந்திருக்கிறது. விலை ஏறியதா, சரக்கு வரவில்லையா? இருப்புக் கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று மூன்று டேப்களைத் திறந்து மூடுகிறார். ஐந்தாவது நிமிடத்தில் அவர் முன்னால் ஓர் அழகான வரைபடம் இருக்கிறது. எதைக் கண்டுபிடிக்க வந்தோம் என்பது பாதி மறந்துவிட்டது.

இந்தத் தொலைந்துபோதல் கணினி உலகுக்கு நெடுநாளைய பரிச்சயம். இணைப்புகளால் பின்னப்பட்ட ஆவணங்களைப் பற்றி 1987-இல் எழுதிய ஜெஃப் காங்க்ளின், இரண்டு சிக்கல்களைக் குறிப்பிட்டார். ஒன்று, தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வு தப்பிவிடுவது. மற்றொன்று, எந்த வழியில் போவது என்று முடிவெடுப்பதிலேயே மனத்தின் சக்தி கரைவது. மேலாளரின் ஐந்து நிமிடங்களில் இரண்டும் நடந்துவிட்டன.

எலியின் வரைபடம், பறவையின் கழுத்து

வழி கண்டுபிடிப்பதற்கென்றே நம் மூளையில் ஓர் ஏற்பாடு உண்டு. லண்டனில் ஜான் ஓகீஃப் 1971-இல் எலியின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் விசித்திரமான நரம்பணுக்களைக் கண்டார். எலி அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது ஓர் அணு துடிக்கும். வேறிடத்துக்குப் போனால் வேறோர் அணு. 2005-இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியின் ஆய்வுக்கூடம் இன்னொரு வகை அணுக்களைக் கண்டறிந்தது. எலி ஓடித் திரியும் தரை முழுவதும் ஒழுங்கான அறுகோணப் புள்ளிகளில் அவை துடித்தன. மூளை தனக்குத்தானே கட்டங்கள் கிழித்துக்கொள்கிறது. 2014-இன் மருத்துவ நோபல் பரிசு இம்மூவருக்கும் கிடைத்தது.

நமக்குச் சுவையான செய்தி 2016-இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அலெக்ஸாண்ட்ரா கான்ஸ்டன்டினெஸ்கு, ஜில் ஓரெய்லி, டிமத்தி பெரன்ஸ் மூவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். கழுத்தும் காலும் நீண்டு குறுகும் பறவைப் படங்களைத் திரையில் காட்டினார்கள். கழுத்தின் நீளம் ஓர் அச்சு, காலின் நீளம் மற்றோர் அச்சு. பார்ப்பவர்கள் யாரும் இதை ஒரு தளமாக நினைக்கவில்லை. பறவை உருமாறுவதை மனத்துக்குள் கற்பனை செய்தார்கள், அவ்வளவுதான். ஆனால் மூளை ஸ்கேனில், இடத்தை அளக்கும்போது தோன்றும் அறுகோண ஒழுங்கின் சாயல் தெரிந்தது. இடமே இல்லாத கருத்துவெளியிலும் மூளை இடம் குறிக்க முயல்கிறது.

பொருள், மண்டலம், காலம் என்ற அச்சுகள் கொண்ட விற்பனைத் தரவும் அப்படியொரு வெளிதான். பறவைச் சோதனையிலிருந்து டாஷ்போர்டுக்கு நேரடியாகப் பாலம் போடுவது அவசரமாகிவிடும். ஆனாலும் அது ஒரு குறிப்பைத் தருகிறது: அச்சுகள் நிலையாக இருந்தால்தான் மனத்தில் வரைபடம் உருவாகும். ஒரு பக்கத்தில் காலம் இடமிருந்து வலமாகவும், அடுத்ததில் மேலிருந்து கீழாகவும் ஓடினால், ஒரு பக்கத்தில் நீலமாக இருந்த தெற்கு மண்டலம் அடுத்த பக்கத்தில் பச்சையானால், எந்த மூளைக்கும் கால் ஊன்ற இடம் கிடைக்காது.

மோப்பம்

வழி தெரியாத இடத்தில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை சூழலியலிலிருந்து வந்தது. ஒரு புதரில் பழம் பறித்துத் தின்னும் விலங்கு எப்போது அடுத்த புதருக்கு நகரும்? எரிக் சார்னோவ் 1976-இல் கணிதமாகச் சொன்னார்: இங்கே கிடைப்பதன் வேகம், சுற்றுவட்டாரத்தின் சராசரி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்ட் இருவரும் தொண்ணூறுகளில் இதைத் தகவல் தேடலுக்குப் பொருத்தினார்கள். மனிதர்கள் தகவலை இரை தேடுவதுபோலத் தேடுகிறார்கள். ஒரு பொத்தானின் பெயர், படம், அருகில் உள்ள எண் ஆகியவற்றிலிருந்து, அதற்கப்பால் என்ன கிடைக்கும் என்று மோப்பம் பிடிக்கிறார்கள்.

மோப்பம் இல்லாத பெயர்கள் எந்த அலுவலகத்திலும் ஏராளம்: ‘விவரங்கள்’, ‘சுருக்கம் 2’, ‘இதர’, ‘புதிய ரிப்போர்ட்’. திறந்து பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். ‘கிளைவாரி விற்பனை: எங்கே குறைந்தது?’ என்ற பெயருக்கு மோப்பம் உண்டு. பெயரோடு ஒரு சிறு எண்ணும் ஒட்டியிருந்தால், ‘இருப்பு தீர்ந்த பொருள்கள்: 14’ என்பதுபோல, போவதற்கு முன்பே போவது வீணா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மோப்பத்தைக் கெடுப்பதில் மோசமான பெயரைவிட நிறுவனத்தின் துறை அமைப்புக்குப் பங்கு அதிகம். நிதி, விற்பனை, கிடங்கு, மனிதவளம் என்று யார் யார் தரவு தருகிறார்களோ அவர்கள் பெயரில் டேப்கள் அமைகின்றன. ஒவ்வொரு துறையும் தன் பக்கத்தைத் தானே கேட்டு வாங்குவதால் இப்படி நேர்கிறது. கேள்விகளுக்கு இந்த வேலிகள் தெரியாது. சமையல் எண்ணெய் விற்பனை சரிந்ததற்கான காரணம் கிடங்குப் பக்கத்தில் இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் நிற்கும் மேலாளருக்கு அங்கிருந்து அதன் வாசனைகூட வராது.

ஏழு என்ற மூடநம்பிக்கை

மெனுவில் ஏழு பொருள்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்ற விதி வடிவமைப்பாளர்களிடையே வெகுகாலமாக உலவுகிறது. ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்கு மேற்கோள். மில்லர் பேசியது மனத்தில் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் திறனைப் பற்றி. நெல்சன் கோவன் 2001-இல் அந்த எண்ணை ஏறத்தாழ நான்காகவே குறைத்தார். ஆனால் மெனுவை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. அது கண்முன்னே எழுதியிருக்கிறது.

ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் மெனு ஆழமாகிவிடும்: மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொன்று. மைக்ரோசாஃப்டில் கெவின் லார்சன், மேரி செர்வின்ஸ்கி இருவரும் 1998-இல் இதைச் சோதித்தார்கள். என்கார்ட்டா கலைக்களஞ்சியத்திலிருந்து 512 தலைப்புகளை எடுத்து மூன்று விதமாக அடுக்கினார்கள். முதலாவது எட்டு எட்டாக மூன்று அடுக்கு. இரண்டாவது முதலில் 16, அதற்குள் 32. மூன்றாவது முதலில் 32, அதற்குள் 16. ஏழுக்கு மிக நெருக்கமான எட்டு-எட்டு-எட்டுதான் மூன்றிலும் மெதுவானது. 16-க்குள் 32 முந்தியது.

காரணம் எளிது. ஆழத்தின் ஒவ்வொரு அடுக்கிலும் மோப்பம் பிடித்து ஒரு முடிவெடுக்க வேண்டும். ஒரு முடிவு தவறினாலும் திரும்பி வர வேண்டும். கண்ணை ஓடவிட்டுத் தேடுவது அதைவிட மலிவு. இதனால் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிடலாம் என்று பொருளில்லை. பொருத்தமான தலைப்புகளின்கீழ் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இரண்டு அடுக்கோடு நிறுத்துவது நல்லது.

வெட்டும் காட்சியும்

ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் அந்த நொடியில்தான் அதிக சேதம் நேர்கிறது. ரொனால்ட் ரென்சிங்க்கும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு புகைப்படத்தையும் அதில் ஒன்றை மட்டும் மாற்றிய பிரதியையும் மாறி மாறிக் காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் வெற்றுத்திரை. அந்த இமைப்பொழுது போதும். பெரிய மாற்றங்களைக்கூடக் கண்டுபிடிக்கப் பார்ப்பவர்கள் திணறினார்கள். மாற்றம் நிகழும் இடத்தில் கண்ணை இழுக்கும் அசைவை அந்த வெறுமை விழுங்கிவிடுகிறது.

டாஷ்போர்டில் பக்கம் மாறும்போது வரும் வெள்ளைத்திரையும் சுழலும் வட்டமும் அதே வேலையைத்தான் செய்கின்றன. புதிய பக்கம் வந்தபின், எது மாறியது, எது மாறவில்லை என்று மூளை முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது.

வுட்ஸ் 1984-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு மருந்து தேடிப் போனது சினிமாவிடம். படத்தொகுப்பாளர் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை காட்சியை வெட்டுகிறார், பார்வையாளர் தொலைந்துபோவதில்லை. முதலில் லாங் ஷாட்டில் இடத்தைக் காட்டிவிடுகிறார்கள். அடுத்தடுத்த ஷாட்டுகளில் பொதுவான ஏதோவொன்று தொடர்ந்து வருகிறது. காட்சி மாறும்போது பார்ப்பவரின் கவனம் தடைபடாமல் முன்னே ஓடும் இந்தப் பண்பை ‘காட்சி உந்தம்’ என்று பொருள்படும் பெயரால் வுட்ஸ் அழைத்தார்.

அவர் சொன்ன வழிகள் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன. முழுமையைக் காட்டும் சிறு காட்சி ஒன்று எந்நேரமும் ஓரத்தில் இருக்கட்டும். எல்லாப் பக்கங்களிலும் மாறாத அடையாளங்கள் ஒரே இடத்தில் இருக்கட்டும்: ஃபில்டர்கள் இடப்பக்கம் என்றால் எங்கும் இடப்பக்கமே. அடுத்த பக்கத்தில் முந்தைய பக்கத்தின் ஒரு துண்டு மிஞ்சியிருக்கட்டும். பொருள் பக்கத்தின் தலைப்பில் தெற்கு மண்டலத்தின் எண் நிற்பதுபோல. பென் ஷ்னைடர்மன் 1996-இல், முதலில் முழுக்காட்சி, பிறகு நெருங்குதலும் வடிகட்டுதலும், கேட்டால் மட்டும் விவரம் என்று இதற்கொரு வரிசையே வகுத்துத் தந்தார். ஒரு வரைபடம் இன்னொன்றாக மாறும்போது, நன்கு வடிவமைத்த அசைவு புரிதலை மேம்படுத்துகிறது என்று ஜெஃப்ரி ஹீர், ஜார்ஜ் ராபர்ட்சன் இருவரும் 2007-இல் சோதித்துக் காட்டினார்கள். அழகுக்காகச் சேர்த்ததாகத் தோன்றும் அசைவு, கண்ணுக்கு வழித்துணை ஆகிறது.

கேள்வியைச் சுமந்து செல்லுதல்

கண் தொடர்ந்தால் மட்டும் போதாது. கேள்வியும் தொடர வேண்டும். நம் மேலாளரை நட்டாற்றில் விட்டது, பக்கம் மாறியதும் கழன்றுபோன மண்டலத் தேர்வு. பவர் பிஐ போன்ற கருவிகளில் இரண்டு விதமாகப் பக்கம் மாறலாம். டேப்பை அழுத்திப் போனால், ஃபில்டர்களை ஏற்கெனவே ஒத்திசைத்து வைத்திருந்தாலொழிய தேர்வு கூட வராது. ‘டிரில் த்ரூ’ வழியாகப் போனால், எந்தப் பட்டையின் மேல் நின்று கிளம்பினோமோ அதன் தேர்வு கூடவே வரும்; திரும்பி வரும் பொத்தானும் தானாக அமையும். டேப்லோவிலும் ஒரு வரைபடத்தைத் தொட்டால் மற்றொன்று அதற்கேற்ப மாறும்படி அமைக்க முடியும். சிக்கல் என்னவென்றால், டிரில் த்ரூ பெரும்பாலும் மவுஸின் வலப்பொத்தானுக்குள் ஒளிந்திருக்கிறது. இருப்பது தெரிந்தவர்தான் தேடுவார். அதே வேலையைச் செய்யும் பொத்தானைப் பக்கத்திலேயே வைத்து, ‘தெற்கு மண்டலத்தின் பொருள்களைக் காண்க’ என்று எழுதிவிட்டால் ரகசியம் உடைந்துவிடும்.

தேர்வு கூடவே வருவதில் ஆபத்தும் உண்டு. நேற்று போட்ட ஃபில்டர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்க, ஒரு மண்டலத்தின் கணக்கை நிறுவனம் முழுவதற்கும் என்று எடுத்துக்கொண்டு கூட்டத்தில் பேசிவிடலாம். ஆகவே எந்தெந்தத் தேர்வுகள் நடப்பில் உள்ளன என்பது பக்கத்தின் தலைப்பிலேயே சொற்களாக இருக்க வேண்டும். ஒரே தொடலில் அனைத்தையும் கழற்றும் வசதியும் அருகிலேயே வேண்டும்.

திரும்பி வரும் வழியைப் பலரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். இணையம் இளமையாக இருந்த 1997-இல் லிண்டா டாஷரும் சால் கிரீன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வில், மக்கள் திறந்த பக்கங்களில் 58% அவர்கள் முன்பே பார்த்தவை. தகவல் தேடுபவருக்குத் திரும்புவதே பாதி வேலை. திரும்பும்போது, விட்டுப்போன நிலையிலேயே பக்கம் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் வழி தெரியாதவருக்கு. நாள் முழுக்க அதிலேயே புழங்குபவரின் தேவை வேறு. பங்குச் சந்தை வட்டாரத்தில் ப்ளூம்பெர்க் டெர்மினலைப் பயன்படுத்துபவர்கள் மெனுவில் அலைவது குறைவு. சில எழுத்துகளாலான குறுஞ்சொல்லைத் தட்டி, பச்சை நிற ‘கோ’ விசையை அழுத்தினால் வேண்டிய பக்கம் வந்து நிற்கும். புதியவருக்கு மிரட்சி தரும் அதே முறை, பழகியவருக்கு வேகம் தருகிறது. நல்ல டாஷ்போர்டில் மெனுவும் இருக்கும். பெயரைத் தட்டினால் நேரே கொண்டுபோகும் தேடல் பெட்டியும் இருக்கும்.

தொலைந்ததை அளப்பது

ஒருவர் தொலைந்துபோனாரா என்பதை எண்ணாகவே சொல்லலாம். ஸ்மித் என்ற ஆய்வாளர் 1996-இல் ஒரு சூத்திரம் தந்தார். அதற்கு மூன்று எண்கள் வேண்டும்: விடையை அடையத் தேவையான குறைந்தபட்சப் பக்கங்கள், ஒருவர் உண்மையில் பார்த்த வெவ்வேறு பக்கங்கள், திரும்பத் திரும்பப் பார்த்ததையும் சேர்த்த மொத்தப் பார்வைகள். வெவ்வேறு பக்கங்களை மொத்தப் பார்வைகளால் வகுத்து 1-ஐக் கழிக்க வேண்டும். தேவையான பக்கங்களை வெவ்வேறு பக்கங்களால் வகுத்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் விடை. நேர்வழியில் போனவருக்கு அது 0. 0.4-க்குக் கீழே இருந்தால் அவர் தொலையவில்லை, 0.5-ஐத் தாண்டினால் தொலைந்துவிட்டார் என்று ஸ்மித் கணித்தார்.

நம் மேலாளருக்கு மூன்று பக்கங்கள் போதுமாயிருந்தது: மண்டலம், பொருள், இருப்பு. அவர் ஐந்து வெவ்வேறு பக்கங்களை மொத்தம் எட்டு முறை திறந்தார் என்று கொண்டால், கணக்கு ஏறத்தாழ 0.55 என்று வருகிறது. அவருடைய திறமையைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்லவில்லை. டாஷ்போர்டு வாங்கிய மதிப்பெண் அது.

பக்கம் திறந்த பதிவுகள் பெரும்பாலான கருவிகளில் தாமாகவே சேர்கின்றன; எனவே மூன்றில் இரண்டு எண்கள் சுலபமாகக் கிடைத்துவிடும். முதல் எண்தான் முரண்டு பிடிக்கும். குறைந்தபட்ச வழி எது என்று சொல்ல, அந்த டாஷ்போர்டு எந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். தரவு எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது, யாருக்கு அனுமதி என்பதெல்லாம் ஆவணமாக இருக்கும். கேள்விகளை மட்டும் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அளப்பதற்காகவாவது உட்கார்ந்து, திங்கட்கிழமை காலையில் மக்கள் உண்மையில் கேட்கும் கேள்விகளை, ஒன்றிலிருந்து அடுத்தது எப்படிப் பிறக்கிறது என்ற வரிசையோடு எழுதிப் பார்க்கலாம். எழுதி முடித்தால் கையில் இருப்பது சோதனைத்தாள் மட்டுமில்லை, துறைகளின் பெயர்களை அகற்றிவிட்டு வைக்க வேண்டிய மெனுவும் அதுவே.